மரம் காயட்டும்

என் அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் முடியாது என்று சொல்வார். ஈர மரத்துக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தலையாட்டல் இருக்கிறது. வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை மூடினால் தலையாட்டுவார். மாமா காலை நீட்டி உட்கார்ந்து அறிவுரை சொன்னால் தலையாட்டுவார். பஸ்ஸில் எவனாவது காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஆனால் காயாத கட்டையைக் கொண்டுவந்து, "சீக்கிரம் கடைஞ்சு குடுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். ஒருமுறை ஹோட்டல் முதலாளி ஒருவர் காரில் வந்திறங்கி, மாடிப்படித் தூண்கள் அவசரமாக வேண்டும் என்று அதட்டினார்.

"உங்க அவசரம் மரத்துக்குத் தெரியாதுங்க. வேணும்னா நீங்களே அதுகிட்டப் பேசிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அப்பா உளி தீட்டப் போய்விட்டார்.

அந்த ஒரு 'முடியாது'வை நம்பித்தான் நான் திட்டம் போட்டேன்.

வீட்டின் முன்னறைதான் அப்பாவின் கடைசல் பட்டறை. கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மீதி இடத்தில் கடைசல் இயந்திரம் நிற்கிறது. மரத்தைச் சுற்றுவது மோட்டார், உருவம் கொடுப்பது அப்பாவின் இரண்டு கைகள். மரச்சீவல் எங்கள் தலையணையில் இருக்கும், டீயில் மிதக்கும், அலுவலகத்தில் என் முடியிலிருந்து உதிரும். அந்த அலுவலகத்தில் நான் செய்யும் வேலை, பார்சல் வந்து சேரவில்லை என்று கத்துகிறவர்களிடம் நாள் முழுக்க ஃபோனில் வருத்தம் தெரிவிப்பது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மாமா என்னைக் 'கலெக்டர்' என்று கூப்பிடுவார். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவார். எனக்குத்தான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும்.

என் தங்கை அப்படியல்ல. அவளை வீட்டில் வாலு என்போம். கணிதம் கடைசி வருடம். நான் மனப்பாடம் செய்து பாஸானவள், அவள் புரிந்துகொண்டு படிக்கிறவள். கடைசல் இயந்திரம் அலறிக்கொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே சீவல் குவியலில் சாய்ந்து கணக்குப் போடுவாள். கல்லூரியில் அவளுடைய வாத்தியாரம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவள மேல படிக்க வைங்க. நிறுத்திடாதீங்க" என்றார். யாரோ நிறுத்தப் போகிறார்கள் என்று முன்பே தெரிந்தவர்போலச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டைக் கொண்டுவந்தவர் மாமாதான். அம்மாவின் அண்ணன். அவர் தொட்டுத் துலங்காத காரியம் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். குறை சொல்லலாம் என்று நான் உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மாப்பிள்ளை டீக் குவளையைத் தானே எடுத்துப்போய்க் கழுவும் இடத்தில் வைத்தார். அந்த அம்மா மெதுவாகப் பேசினார். கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

"எங்களுக்கு ஒன்னுமே வேணாம்ங்க" என்றார் அந்த அம்மா. "என் சிநேகிதி வீட்ல ரெண்டு மரக்கோப்பை பாத்தேன். காலும் தண்டும் வச்சு, ஒரே கட்டையில கடைஞ்சது. கல்யாணத்துக்கு நீங்க செஞ்சு குடுத்தீங்களாம். அதே மாதிரி ஒரு ஜோடி இவங்களுக்கும் உங்க கையால செஞ்சு குடுங்க. அது போதும். அடுத்த மாசமே கல்யாணத்த வச்சுக்கலாம்."

"அவளுக்குப் பரீட்சை இருக்கு" என்றேன் நான்.

"கலெக்டரம்மா பேசிட்டாங்க" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். "பரீட்சை எங்க ஓடிப்போவுது? கல்யாணத்துக்கு அப்புறம் எழுதிக்கலாம்."

கல்யாணத்துக்கு அப்புறம். எங்கள் தெருவில் எத்தனை பெண்களின் தையல் வகுப்பும் நர்சிங் படிப்பும் பாட்டும் அந்த 'அப்புறம்' என்ற கிணற்றில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். வாலு, கையிலிருந்த பிஸ்கட்டை நாலாக உடைத்து, எட்டாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கோப்பை அடுத்த மாசத்துக்குள்ள ஆயிடும்ல?" என்று அந்த அம்மா கேட்டார்.

அப்பாவின் தலை நின்றது.

"அது ஆகாதுங்க" என்றார்.

"ஏங்க?"

"கோப்பைக்குத் தடிக் கட்டை வேணும். எங்கிட்டக் காஞ்சு கிடக்கறது எல்லாம் கட்டில் காலுக்கான ஒல்லிக் கட்டை. தடிக் கட்டைய ஈரத்துலயே கொஞ்சம் தடிமனா கொடைஞ்சு வச்சுட்டு, காஞ்சப்புறம்தான் முடிக்கணும். ஈரத்தோட முடிச்சுக் குடுத்தா கோப்பை கோணிக்கும். இல்லாட்டி வெடிக்கும். கல்யாணக் கோப்பை வெடிக்கலாமா?"

அந்த அம்மாவுக்கு அந்தக் கடைசி வரி உறைத்துவிட்டது. மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையாகச் சிரித்தார். "சரிங்க. மரம் காயட்டும். காஞ்சப்புறமே தேதி குறிப்போம்."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. மனிதர்கள் தராத அவகாசத்தை ஒரு மரக்கட்டை தந்துவிட்டது.

மறுநாள் கட்டை எடுத்துவர நானே போகிறேன் என்றேன். அறுவை மில்லில் ரம்பக்காரர் நன்றாகக் காய்ந்த கட்டைகளைக் காட்டினார். காய்ந்ததென்றால் மேலே காய்ந்தது, உள்ளே பாதி ஈரம்.

"இது வேணாம்ணா. இன்னிக்குக் காலையில வெட்டுனது ஏதாவது இருக்கா?"

"எல்லாரும் காஞ்சதக் குடுன்னு உயிர வாங்குவாங்க. நீ என்னம்மா, மீன் வாங்க வந்தவ மாதிரி புதுசா இருக்கான்னு கேக்குற?"

"என் தங்கச்சிக்குக் கல்யாணம்ணா."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாறு சொட்டச் சொட்ட ஒரு கட்டையைப் புரட்டிக் கொடுத்தார். தூக்கி வருவதற்குள் என் துப்பட்டா நனைந்துவிட்டது. அப்பா கட்டையின் முகத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலைச் சுற்றி நீர் கசிந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டையை இரண்டாக அறுத்தார்.

அவர் குடைந்தபோது தண்ணீர் வட்டமாகச் சிதறி எங்கள் முகத்தில் அடித்தது. சீவல் ஈரத் துணிபோல நீளநீளமாகச் சுருண்டு விழுந்தது. கோப்பையின் சுவர் கட்டைவிரல் தடிமனுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். தண்டு என்ற பெயரில் ஓர் உருளை, கால் என்ற பெயரில் ஒரு வட்டு. இரண்டு கோப்பைகளையும் காகிதப் பைகளில் போட்டு, சீவலால் மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவ்வப்போது எடை பார்க்க வேண்டும். ஈரம் போகப் போக எடை குறையும். குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது காய்ந்துவிட்டது என்று கணக்கு.

எடை பார்க்க மளிகைக் கடைத் தராசுக்குத் தூக்கிப்போவது வாலுவின் வேலை ஆனது. திரும்பி வந்து என் காதில் மட்டும் சொல்வாள்.

"கொறைஞ்சிருக்குக்கா. ஆனா ரொம்ப சோம்பேறித்தனமாக் கொறையுது. இப்படியே போனா பரீட்சை முடிஞ்சு ரிசல்ட்டே வந்துரும்."

"நிஜமாவா?"

"கணக்குப் போட்டேன்ல. வளைகோடே வரைஞ்சுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு செம்பு தண்ணி ஊத்திடலாமா? இன்னும் நல்லது."

"அடி வாங்குவ. படி போ."

எங்கள் வீட்டில் இன்னொரு ஜோடிக் கோப்பைகள் இருந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா தன் கல்யாணத்துக்குத் தானே கடைந்தவை. அப்போது கை பழகவில்லை. இரண்டும் தடித்தடியாக, உரல்போல இருக்கும். "இதத் தலையில போட்டா மண்டை பொளந்துரும். அதுக்குத்தான் உங்கப்பா கல்யாணத்துல குடுத்தாரு, தற்காப்புக்கு" என்பாள் அம்மா. ஒன்றில் பொத்தான்களும் ஊசியும், இன்னொன்றில் சாவிகளும் போட்டு வைத்திருந்தாள். பொத்தான் கோப்பையின் விளிம்பில் வாலுவின் பல் தடம் இருந்தது. பல் முளைத்த வயதில் கடித்துக் கடித்துப் பதித்தது. "என் கையெழுத்து" என்று பெருமை அடித்துக்கொள்வாள். விளிம்புக்குக் கீழே ஒரு கரிய வரி வளைந்து ஓடும். நாங்கள் சின்ன வயதில் அதைப் பாம்பு என்போம்.

பரீட்சைத் தேதி அறிவித்த அதே வாரத்தில் மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மாமா செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"அவங்க உடனே கெளம்பணுமாம். போறதுக்கு முந்தி முடிச்சிரலாம்ங்கறாங்க. வர்ற மாசம். நான் சரின்னுட்டேன்."

"யாரக் கேட்டு மாமா சொன்னீங்க?" என்றேன்.

"ஒன்னத்தான் கேக்கணும், மறந்துட்டேன்" என்று அப்பா பக்கம் திரும்பினார். "மாப்ளே, நீங்க சொல்லுங்க."

அப்பா உளியைக் கீழே வைத்தார். "கட்டையில ஈரம் இருக்கு மச்சான்."

"கட்டையாவது மட்டையாவது! கடையில ரெண்டு வாங்கிக் குடுங்க."

"என் பொண்ணு கல்யாணத்துக்குக் கடைக் கோப்பையா?" அப்பா இப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மாமாவும் கேட்டிருக்கமாட்டார். பின்னால் நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "அவங்க மனசு மாறிட்டா நாளைக்கு இந்தத் தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். அப்ப உங்க மரம் வந்து பதில் சொல்லாது" என்றார். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா போனதும் அப்பாவின் எதிரில் போய் நின்றேன்.

"அப்பா, ஈரம் இருக்குன்னு சொன்னீங்கல்ல, அதே குரல்ல பரீட்சை இருக்குன்னும் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

அவர் உப்புத்தாளை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"மரம் வெடிச்சா, ஏன் வெடிச்சதுன்னு எனக்குத் தெரியும். இவங்க வேணாம்னு போயிட்டா உன் தங்கச்சிக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா."

"போனா போகட்டும்!"

"நீ சொல்லுவ. நீ படிச்சவ."

திட்டிச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பைகள் இருந்தன. ஈரம் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். என்ன ஆனாலும் அப்பா ஈரக் கோப்பையைக் கொடுக்கமாட்டார். கோப்பை இல்லாமல் அந்த அம்மா தேதி வைக்கமாட்டார்.

இரண்டொரு நாளில் தலைவலி என்று அலுவலகத்திலிருந்து பாதி நாளில் திரும்பினேன். வாலு கல்லூரியில் இருந்தாள். தெருமுனையிலேயே இயந்திரச் சத்தம் கேட்டது. காய்ந்த மரத்தின் சத்தம். பச்சை மரம் சொரசொரவென்று அறுபடும். காய்ந்தது மணிபோலக் கிணுகிணுக்கும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை பொத்தான்கள். தரையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பொத்தான்களைக் கொட்டி, அம்மா ஒரு ஸ்டீல் டம்ளரில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசிகளைத் தனியாகப் பொறுக்கித் துணியில் குத்தினாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அப்பா ஒரு கட்டையில் பள்ளம் எடுத்து, அதில் பழைய கோப்பையை இறுக்கிப் பொருத்தியிருந்தார். சாவிக் கோப்பை முடிந்து பலகையில் நின்றது. உரல்போல இருந்தது, இப்போது அல்லித் தண்டுபோல இருந்தது. அவ்வளவு அழகு. அந்தத் தடிமனுக்குள் அத்தனை வருடமும் அது ஒளிந்திருந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது சுற்றிக்கொண்டிருந்தது பொத்தான் கோப்பை. உளி காலிலிருந்து தொடங்கி, தண்டைத் தாண்டி, விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, அது அம்மாவுது."

சத்தத்தில் கேட்கவில்லை. அல்லது கேட்டது.

"அப்பா, விளிம்புல அவ பல்லு இருக்கு!"

நான் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினேன். மோட்டார் முனகி, மெல்ல நின்றது. அப்பா உளியை உயர்த்திப் பிடித்தபடி அப்படியே நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவர் வெறுமனே காத்திருந்தார், கரண்ட் போய்விட்டதைப்போல.

அம்மா எழுந்து வந்தாள். என் கையை விலக்கி, சுவிட்சைப் போட்டாள்.

"அம்மா, நீயா?"

"நானேதான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். "அவரா கேப்பாரு?"

"அவ பரீட்சை எழுதணும்மா."

"நீ எழுதுனியே. எழுதி என்னடி கண்ட? காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் எவன்கிட்டயோ சாரி சாரிங்கற. வீட்டுக்கு வந்து எங்ககிட்டச் சண்டை போடற. இவளாவது சண்டை இல்லாம இருக்கட்டும்."

பிறகு அம்மா பொத்தான்களிடம் திரும்பிப் போனாள். ஒரு பொத்தான் நழுவி, கட்டிலுக்கு அடியில் காகிதப் பைகள் வரை உருண்டு போயிற்று. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த நாளில் நான் செய்ய முடிந்தது அதுதான். நிமிர்ந்தபோது உளி விளிம்பைத் தாண்டியிருந்தது. அப்பாவின் முன்கையில் மாவுபோலப் பொடி படிந்திருந்தது. எது பல் தடம் இருந்த பொடி என்று எப்படித் தெரியும்?

கல்யாணம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. கோப்பைகளைப் பார்த்து அந்த அம்மா கண்கலங்கிப்போனார். "எவ்வளவு லேசு! நல்லாக் காஞ்ச மரமாங்க?" என்று கேட்டார்.

"ரொம்பக் காஞ்சதுங்க" என்றார் அப்பா. பொய் இல்லை.

வாலு கோப்பையைக் கையில் வாங்கியதும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். கரிய வரி வளைந்து ஓடியது. பாம்பு. அவள் கட்டைவிரல் விளிம்போடு ஒரு சுற்று போயிற்று, மறுபடி ஒரு சுற்று. வழவழவென்று இருந்திருக்கும். எதிரில் ஃபோட்டோக்காரர், "சிரிங்கம்மா, சிரிங்க" என்றார். சிரித்தபடியே உதடு அசையாமல் என்னிடம், "என் கையெழுத்த அழிச்சுட்டாராக்கா?" என்றாள்.

அவள் பக்கத்திலிருந்த மாப்பிள்ளை என்னிடம் குனிந்து, "பரீட்சைக்கு நானே கூட்டிட்டு வரேங்க. சத்தியமா" என்றார். மனதாரத்தான் சொன்னார். திட்டவும் முடியாத ஆட்கள்.

ஹால் டிக்கெட் வந்தது. அனுப்பி வைத்தேன். பரீட்சைக்கு முந்தின வாரம் மாமியாருக்கு மூட்டு வலி. மாப்பிள்ளைக்குப் புது வேலையில் லீவு இல்லை. "இந்தத் தடவை விட்டுட்டு அடுத்த தடவை சேத்து எழுதிடறேங்கா" என்றாள் ஃபோனில். பின்னால் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. நான் தனியாக வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். "வேணாங்கா. நீ வந்தா சண்டை வரும்" என்றாள். அம்மாவின் குரல் அப்படியே.

முதல் பரீட்சை அன்று நான் வேலைக்குப் போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் பைகளைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தராசைப் பார்த்துவிட்டு, "போன வாரம் உங்கப்பா கொண்டுவந்தப்ப இருந்த அதே எடைதாம்மா. காஞ்சிருச்சு" என்றார். "எங்க வாலு? அதுதான வரும்?"

வீட்டுக்கு வந்து கோப்பைகளைப் பையிலிருந்து எடுத்து அப்பா முன்னால் வைத்தேன். இரண்டும் லேசாக முட்டை வடிவத்துக்குக் கோணியிருந்தன. ஒரு விரிசல்கூட இல்லை. அவர் ஒன்றை எடுத்து முட்டியால் தட்டினார். கிணுகிணுத்தது. சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான பரீட்சை?"

நான் காகிதப் பைகளை மடித்தேன்.

"நீ சொட்டச் சொட்டக் கட்டையத் தூக்கிட்டு வந்தப்பவே புரிஞ்சுது" என்றார்.

"புரிஞ்சுதா? புரிஞ்சும் ஏம்ப்பா..."

"எனக்குப் பேச வராது. மரம் பேசிரும்னு இருந்தேன்."

எனக்குள் அத்தனை மாதமாகத் திரண்டிருந்த வசவெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. எதிரில், கோணிய கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் வாய்க்குள் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். அந்த ஆளை என்ன சொல்லித் திட்டுவது?

ஃபோன் அடித்தது. வாலு.

"அக்கா, கட்டை என்னாச்சு? எடை பாத்தியா?"

பக்கத்தில் யாரும் இல்லைபோல. குரல் பழையபடி குறும்பாக இருந்தது. இந்த நேரத்தில் அவளுடைய வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்.

"பாத்தேன்."

"காஞ்சிருச்சா?"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்லடி" என்றேன். "இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

"பாத்தியா, என் கணக்கு தப்பாது. அப்ப இன்னும் டைம் இருக்கு" என்று சிரித்தாள். பிறகு அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். "இதோ வரேன் அத்தை" என்று அவள் சொன்னது கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.